பட்டையில் படிந்த காற்று

அருப்புக்கோட்டைப் பலசரக்குக் கடையில் பிரியாணிச் சாமான் கேட்டால், பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூவோடு கறுப்பும் சாம்பலுமாகச் சுருண்டு கிடக்கும் சருகு ஒன்றும் பொட்டலத்தில் சேரும். அதுதான் கல்பாசி. கையில் எடுத்தால் எடையே தெரியாது. எண்ணெய் காய்ந்ததும் ஒரு விரற்கிள்ளு போட்டால் கறிக்குழம்பின் வாசமே வேறாகிவிடும். பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்று தாவரவியலார் சொல்லும் இது இலையும் அல்ல, பூவும் அல்ல. மலைக்காட்டு மரங்களிலும் பாறைகளிலும் படரும் லைக்கன்.

திருச்சுழி வட்டாரத்தில் லைக்கனைச் சாப்பிடாதவர் குறைவு. உயிருள்ள லைக்கனைத் தினமும் பார்க்காதவர் அதைவிடக் குறைவு, ஆனால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஊருணிக்கரைப் புளியமரத்தில், சுண்ணாம்பு தெறித்த கறை என்று நினைத்துக் கடந்துபோகும் வெள்ளைத் திட்டு, பழைய கல்மண்டபத் தூணில் மஞ்சளும் சாம்பலுமாக வட்டமிட்டிருக்கும் தடிப்பு எல்லாம் அதன் உறவுக்காரர்கள்தாம். சந்தேகம் இருந்தால் திட்டின்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். பல இனங்களில் சில நொடிகளிலேயே சாம்பல் நிறம் மங்கி, உள்ளிருந்து பச்சை எழும். சுண்ணாம்புக் கறை பச்சையாவதில்லை.

அந்தப் பச்சை, உள்ளே குடியிருக்கும் பாசியுடையது. மேலே மூடியிருப்பது பூஞ்சை. பூஞ்சை இடம் கொடுக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாசி வெயிலை வாங்கிச் சர்க்கரை செய்கிறது. இரண்டு உயிர்கள் சேர்ந்து ஒரே உடம்பாகத் தெரிகின்றன என்று 1860களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது, லைக்கன் படித்த பெரியவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. அவர்களில் முன்னணியில் நின்றவர் வில்லியம் நைலாண்டர். பின்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். கடைசிவரை அந்தக் கருத்தை அவர் ஏற்கவில்லை. லைக்கன் என்றால் என்ன என்பதில் தவறிய அதே மனிதர்தான், லைக்கனை வைத்துக் காற்றை அளக்கலாம் என்று முதலில் தெளிவாகச் சொன்னவரும்.

1866இல் நைலாண்டர் பாரிஸின் லக்சம்பர்க் பூங்கா மரங்களில் இருந்த லைக்கன்களைப் பட்டியலிட்டார். நகரின் மற்ற இடங்களில் காணாமல் போனவை அங்கே செழித்திருந்தன. ஆகவே அந்தப் பூங்காவின் காற்று நல்ல காற்று என்றார். அவருக்கு முன்பே, 1859இல், மான்செஸ்டர் பக்கத்து ஆலைப்புகையால் லைக்கன்கள் அருகிவருவதை லியோ கிரிண்டன் குறித்திருந்தார். ஆனால் லைக்கனை ஓர் அளவுகோலாகவே எடுத்துக்கொண்டது நைலாண்டர்தான். காலம் அவர் சொன்னதை மெய்ப்பித்த விதம் கொடியது. 1896வாக்கில் அதே பூங்காவில் ஒரு லைக்கனும் மிஞ்சவில்லை. நிலக்கரிப்புகை அங்கும் வந்துவிட்டது. சில இனங்கள் திரும்பி வந்ததை ஆய்வாளர்கள் பார்த்ததோ 1990களின் தொடக்கத்தில்தான்.

இந்தக் கதைக்கு ஒரு கல்கத்தாக் கிளையும் உண்டு. அங்கே தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய சுல்பிஸ் குர்ஸ் திரட்டி அனுப்பிய லைக்கன்களை ஆராய்ந்து, 1867இல் பட்டியல் வெளியிட்டவர் அதே நைலாண்டர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.கே. உப்ரெட்டியும் கூட்டாளிகளும் கொல்கத்தாவில் இன்னும் லைக்கன் வளர்கிறதா என்று கேட்டு 2005இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு குறிப்பு எழுதினார்கள். அப்படிக் கேட்க முடிந்ததே பழைய பட்டியல் ஒன்று இருந்ததால்தான். பழைய பட்டியல் இல்லாத ஊரில் எது போயிற்று என்று எவராலும் சொல்ல முடியாது.

லைக்கனுக்கு மட்டும் ஏன் இந்த நோஞ்சான்தனம்? உண்மையில் அது நோஞ்சான் இல்லை. 2005இல் ஐரோப்பிய விண்வெளி முகமை இரண்டு லைக்கன் இனங்களை ரஷ்ய விண்கலத்தில் ஏற்றி, இரண்டு வாரம் திறந்த விண்வெளியில் வைத்தது. காற்றில்லை, உறைகுளிர், வடிகட்டாத புறஊதாக் கதிர். திரும்பி வந்து நீர் பட்டதும் அவை மறுபடி ஒளிச்சேர்க்கையைத் தொடங்கின. காய்ந்து கிடக்கும்வரை லைக்கனை அசைப்பது கடினம். ஈரம் பட்டு உயிர் விழித்திருக்கும்போதுதான் ஆபத்து. வேப்பிலைக்கு மேலே மெழுகுத் தோல் உண்டு, மூடித் திறக்க இலைத்துளை உண்டு. லைக்கனுக்கு இரண்டும் கிடையாது. அது கதவே வைக்காத வீடு. மழையில், பனியில், தூசியில் எது வந்தாலும் முழு உடம்பாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வேர் இல்லாததால் மண்ணிலிருந்து எடுப்பதற்கும் வழியில்லை. இலையைப் போல ஆண்டுக்கொருமுறை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவும் தெரியாது. பல இனங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். வாங்கியது உள்ளேயே தங்கிவிடும்.

நிலக்கரியில் கந்தகம் இருக்கிறது. எரிந்தால் கந்தக டை ஆக்சைடு. அது ஈர லைக்கனில் கரைந்தால் அமிலம். அமிலம் பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தைப் பிடுங்கிவிடும். பாசி பழுப்பாகிச் சாகும். பாசி செத்தால் பூஞ்சைக்குச் சோறில்லை. இதை வைத்து 1970இல் டேவிட் ஹாக்ஸ்வொர்த், பிரான்சிஸ் ரோஸ் இருவரும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஓர் அளவுப்பட்டியல் செய்தார்கள். மரத்தில் எந்த லைக்கன் இருக்கிறது என்று பார்த்தே அங்குள்ள கந்தக டை ஆக்சைடு ஏறத்தாழ எவ்வளவு என்று சொல்லிவிடலாம். குளிர்காலச் சராசரி கனமீட்டருக்கு 170 மைக்ரோகிராமைத் தாண்டினால் மரத்தில் லைக்கனே இராது. சற்றுக் குறைந்தால் லெகனோரா கொனிசியாய்டெஸ் என்ற புகைதாங்கி தலைகாட்டும். காற்று சுத்தமாக ஆக, தாடிபோலத் தொங்கும் உஸ்னியா வகைகள் வரும். இன்னொரு வேடிக்கை: பிரிட்டனில் கந்தகப்புகை குறைந்ததும் அந்தப் புகைதாங்கியே அருகிப்போயிற்று.

அந்தப் பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து திருச்சுழி மரத்தில் வைத்துப் பார்த்தால் கிடைப்பது தவறான விடை. ஏன் என்பதைப் பார்ப்பதற்குமுன், தமிழ்நாட்டில் லைக்கன் சாட்சிக்கூண்டில் ஏறிய இடத்தைப் பார்த்துவிடலாம்.

1983இல் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து ஒரு வெப்பமானி ஆலை கொடைக்கானலுக்கு இடம் மாறி வந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்தின் கையில் தொடங்கி, பிறகு இந்துஸ்தான் லீவருக்குப் போயிற்று. கண்ணாடிக்குழாயில் பாதரசம் அடைப்பதுதான் அங்கே வேலை. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழல் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 மார்ச் ஆயிற்று.

ஆலை வளாகத்தில் பாதரசம் இருந்தது கண்ணுக்குத் தெரிந்த விஷயம். வெளியே எவ்வளவு தூரம் போயிற்று என்பதே கேள்வி. பாதரசம் விசித்திரமான உலோகம். அறை வெப்பத்திலேயே ஆவியாகும், அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. ஐதராபாத்தில் அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் பொருட்கூறு ஆய்வு மையத்தைச் சேர்ந்த பாலராம கிருஷ்ணா, கருணாசாகர், அருணாசலம் மூவரும் கொடைக்கானல் மரங்களிலிருந்து லைக்கனையும், மாஸ் எனப்படும் சிறு பச்சைத் தாவரத்தையும் சுரண்டி எடுத்துப் பகுப்பாய்ந்தார்கள். முடிவு 2003இல் ‘என்விரான்மென்டல் பொல்யூஷன்’ ஆய்விதழில் வெளியானது. ஆலையிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளியிருக்கும் பேரிஜம் ஏரிக்கரை மாதிரியில் பாதரசம் 0.2 என்றால், கொடைக்கானல் ஏரியைச் சுற்றியிருந்த லைக்கனில் அதே அலகில் 7.9, மாஸில் 8.3. ஏறத்தாழ 40 மடங்கு. ஆலைக்கு வெளியே காற்றில் அவர்கள் அளந்த பாதரசம் கனமீட்டருக்கு 1.32 மைக்ரோகிராம். இயல்பான காற்றில் அது சில நானோகிராம் அளவில்தான் இருக்கும்.

இந்த ஆய்வில் எண்ணைவிடச் சுவையானது தர்க்கம். ஆலை நின்ற மேட்டின் ஒரு சரிவு பாம்பார் சோலைக்கு இறங்குகிறது. அந்தப் பக்கம் மண்ணில் பாதரசம் கிடைத்தால் மழைநீர் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லிவிடலாம். ஏரிக்கரை மரத்தின் பட்டையில், தரைக்கு மேலே, வேரே இல்லாமல் ஒட்டியிருக்கும் உயிருக்குள் அது எப்படி வந்தது? காற்றைத் தவிர வேறு வண்டி கிடையாது. காற்றை அளக்கும் இயந்திரம், அன்றைக்குக் காற்றில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அளக்கும். ஆலையைப் பூட்டி ஆறு மாதம் கழித்து வைத்தால் நல்ல எண்ணைக் காட்டிவிடக்கூடும். லைக்கனோ, ஆலை ஓடிய ஆண்டுகளையெல்லாம் உள்ளே வைத்திருந்தது. 1986இல் செர்னோபில் அணுஉலை வெடித்தபோதும் இதுவே நடந்தது. ஸ்காண்டிநேவியத் தரை லைக்கன்களில் சீசியம் படிந்தது, அதை மேய்ந்த கலைமான்களுக்கு ஏறியது, அந்த இறைச்சியை நம்பி வாழ்ந்த சாமி மக்களின் பிழைப்பு பல ஆண்டுகளுக்கு ஆடிப்போயிற்று. கல்பாசி வாங்கும்போது எந்த மலையில் எடுத்தது, சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி எடுத்தது என்று ஒருவர் கேட்டால் அதை வீண் சந்தேகமென்று தள்ளிவிட முடியாது.

கொடைக்கானலில் எந்த இனம் இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்து யாரும் முடிவுக்கு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லைக்கனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். வறண்ட பூமிக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம்.

திருச்சுழி, ரமணர் 1879இல் பிறந்த ஊர் என்று வெளியே பெயர் பெற்றது. விவசாயிக்கு அது குண்டாற்றங்கரை மானாவாரி பூமி. மழை ஆண்டுக்கு 800 மி.மீ.யை ஒட்டித்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். கம்மாயும் காடும் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கின்றன. விளைச்சல் பொய்த்த குடும்பங்களுக்கு அந்த முள்தான் பிழைப்பு. வெட்டிய கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே செத்தை பரப்பி, மண்ணால் மூடித் தீவைத்தால் மூட்டம் நாள்கணக்கில் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். காற்றை அளவாக விட்டால் கரி, அதிகம் விட்டால் சாம்பல். மூட்டத்தில் இருப்பவர் புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே எந்தப் பக்கம் வெந்திருக்கிறது என்று சொல்வார்.

அந்தப் புகையில் கந்தகம் அற்பம். விறகில் அவ்வளவாக இல்லாதது புகையில் எங்கிருந்து வரும்? அரைகுறையாக எரியும் மரத்திலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு, நுண்துகள், தார், பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். மூட்டத்தில் வேலை செய்பவரின் நெஞ்சைப் பதம்பார்ப்பது இவைதான். பிரிட்டனின் பட்டியல் இவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை. கந்தக டை ஆக்சைடு குறைவு என்று அது கொடுக்கும் நற்சான்றை வைத்துக் காற்றே நல்ல காற்று என்று எழுதினால் பெரிய பிழை.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. ஒரு சீமைக்கருவேல் காட்டுக்குள் போய் லைக்கனே இல்லை, ஆகவே காற்று கெட்டது என்று சொல்வது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரிக்காக வெட்டப்படும் மரத்தில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளரும் உயிர் எப்போது குடியேறும்? கோயில் சுவரும் உதவாது. வெள்ளையடிப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, குடமுழுக்குக்கு முன் நடக்கும் சுரண்டல், பல கோயில்களில் கல்வெட்டுகளையே மழுக்கிய மணல்வீச்சு என்று கல்லின் மேல்தோல் அடிக்கடி புதிதாகிவிடுகிறது. போதாததற்கு வறட்சி. தாடி லைக்கன் எந்தக் காலத்திலும் இந்தக் கரிசலில் தொங்கப்போவதில்லை. ஈரமில்லாததால் வராததைப் புகையால் போனதாக எழுதிவிடக்கூடாது.

இருப்பதும் ஏமாற்றும். சுண்ணாம்புத்தூசி மரப்பட்டையின் அமிலத்தன்மையைக் குறைக்கும். அப்போது வழக்கமாகக் காரக்கல்லில் வளரும் மஞ்சள், ஆரஞ்சு இனங்கள் மரத்துக்கும் ஏறும். இதை ஐரோப்பியச் சுண்ணாம்புக் குவாரிகளின் ஓரத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல் குவாரிகள், ஆர்.ஆர். நகர் சிமென்ட் ஆலை ஆகியவற்றைச் சுற்றிப் பார்க்கிறவர், திட்டுகள் அதிகமிருந்தால் மகிழ்ந்துவிடாமல் என்ன நிறம், எந்த இனம் என்று பார்க்க வேண்டும். கால்நடைக் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவும் அப்படித்தான். நெதர்லாந்தில் மாட்டுப்பண்ணைகள் பெருகிய இடங்களில் நைட்ரஜன் விரும்பும் லைக்கன்கள் மரத்தை மூடிக்கொண்டன. இங்கே ஆண்டுதோறும் கிடை போடும் இடத்தை ஒட்டிய மரத்தையும் தெருவோர மரத்தையும் ஒரே கணக்கில் சேர்க்கக்கூடாது. கீதாரியின் ஆட்டுக்கிடை ஊரின் காற்றுக்குப் பொறுப்பாளி அல்ல.

இவ்வளவு இடைஞ்சலுக்கு நடுவிலும் வறண்ட நிலத்து லைக்கனுக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது: அது விழித்திருக்கும் நேரம். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஜெர்மானிய ஆய்வாளர் ஓட்டோ லாங்கேயும் குழுவினரும் ராமலினா என்ற லைக்கனை அளந்து பார்த்தார்கள். இரவுப்பனியில் நனைந்து, சூரியன் எழுந்தபின் சில மணி நேரம் மட்டும் ஒளிச்சேர்க்கை செய்து, வெயில் ஏறியதும் காய்ந்து உறங்கிவிடுகிறது. மழையில்லாத நாளில் அதன் வாழ்வே அந்தச் சில மணி நேரம்தான். மார்கழி, தை மாதங்களில் கரிசல் காட்டில் பனி எப்படி இறங்கும் என்று இந்த ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவில் தரை சட்டென்று குளிர்ந்து, குளிர்காற்று கீழேயும் வெதுவெதுப்பான காற்று மேலேயுமாக நிற்கும். புகை மேலே ஏறாது. மூட்டப்புகை ஆளுயரத்தில் கம்மாய்க்கரை நெடுகப் படுத்துக் கிடப்பது அப்போதுதான். போகிக்கு எரிக்கும் டயர்ப்புகையும் அதே விடியற்காலையில்தான் சேர்கிறது.

ஆக, பகலெல்லாம் காய்ந்து கிடந்து எதற்கும் அசையாத லைக்கன், உடம்பைத் திறந்து வைத்திருக்கும் நேரமும் புகை தரையோடு தேங்கும் நேரமும் ஒன்றாகவே விழுகின்றன. கோலம் போட வாசலுக்கு வருகிறவர்களும், ஆட்டைப் பத்திக்கொண்டு போகிறவர்களும் மூச்சு விடும் நேரமும் அதுதான். பிற்பகலில் வைக்கும் கருவி தவறவிடுவதை மரப்பட்டை தவறவிடாது.

ஐரோப்பாவில் இந்தக் கணக்கெடுப்புக்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். மரத்தின் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு நான்கு பக்கத்திலும் மார்பளவு உயரத்தில், பத்து சென்டிமீட்டர் சதுரங்கள் ஐந்தை ஏணிபோல வைத்து, எத்தனை சதுரத்தில் எந்த இனம் என்று குறிப்பார்கள். பிள்ளைகளாலும் முடியும். பிரிட்டனில் 1970களின் தொடக்கத்திலேயே ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் லைக்கன் பார்த்து நாட்டின் காற்று வரைபடத்துக்குத் தகவல் சேர்த்தார்கள். 2009இல் தொடங்கிய ஓபல் கணக்கெடுப்பு ஒன்பதே ஒன்பது லைக்கன்களைப் பொதுமக்களுக்குக் கற்றுக்கொடுத்து நைட்ரஜன் மாசைத் தேடியது. 1997இல் இத்தாலியின் சிஸ்லாகியும் நிமிஸும் வெனெட்டோ மாநிலத்து லைக்கன் வரைபடத்தையும் நுரையீரல் புற்றுநோய் இறப்பு வரைபடத்தையும் அடுத்தடுத்து வைத்தபோது, லைக்கன் வகைகள் குறைந்த இடங்களில் இறப்பு கூடுதலாக இருந்தது. ஒன்றால் மற்றொன்று என்று அது நிறுவிவிடவில்லை. மருத்துவர் எங்கே தேட வேண்டும் என்று காட்டியது.

திருச்சுழிக்குப் பொருந்துவது கொடைக்கானல் வழியும் லக்னோ வழியும் கலந்த ஒன்று. லக்னோக்காரர்கள் நகரத்தில் லைக்கன் வளரக் காத்திருக்காமல், பிக்சைன் கோகோயெஸ் என்ற உள்நாட்டு இனத்தைச் சுத்தமான இடத்திலிருந்து பட்டையோடு பெயர்த்து வந்து நகரச் சந்திப்புகளில் கட்டிவைத்து, சில மாதம் கழித்து எடுத்து உள்ளே ஏறிய உலோகங்களை அளந்திருக்கிறார்கள். சமவெளி வெப்பம் தாங்கும் இனம் அது. மூட்டங்களுக்குப் பக்கத்தில் கட்டுவதென்றால் புரட்டாசிக் கடைசியில் கட்டித் தை பிறந்ததும் அவிழ்க்கலாம். மழையும் பனியும் அதற்குள் வந்து போயிருக்கும். அந்தக் காலத்துக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், மூட்டத்துக்குத் தென்மேற்கே ஒரு துண்டு, வடகிழக்கே ஒரு துண்டு, புகையே எட்டாத இடத்தில் ஒரு துண்டு வேண்டும். ஆய்வகத்தில் கேட்க வேண்டியது கந்தகத்தை அல்ல. மூட்டத்துப் பக்கம் ஹைட்ரோகார்பன், குவாரிப் பக்கம் கால்சியம், நெடுஞ்சாலைப் பக்கம் டயர் தேய்மானத்தில் வரும் துத்தநாகம்.

கட்டிய துண்டோடு ஒப்பிட, அந்த ஊரிலேயே பல தலைமுறையாக நிற்கும் மரங்களில் உள்ள லைக்கனும் வேண்டும். அப்படிப்பட்ட லைக்கன் ஐயனார் கோயில் காட்டிலும் ஊருணிக்கரையிலும் இருக்கிறது, பழைய சாலையோரப் புளியமரங்களிலும் இருக்கிறது. சாலை அகலப்படுத்தும்போது முதலில் சிவப்பு பெயின்ட் எண் விழுவது அந்தப் புளியமரங்களில்தான் என்பதால், கணக்கெடுப்பையும் அங்கிருந்து தொடங்குவது நல்லது.